கேக் மேசையை மைக் பக்கம் நகர்த்திய கதை

ஆல்டர் ஃபோர்க்,
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாரிட்டுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம், நாய் நலம், கோதுமை எங்கள் எல்லோரையும்விட நலம். நீயும் அங்கே ஆக்லாந்தில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது நீ கம்பளிக்குள் நடுங்குகிறாய் என்பது இன்னும் என் மண்டையில் ஏறவில்லை. போன வாரம் ஆலங்கட்டி மழை வந்து பக்கத்து நிலத்தோடு போய்விட்டது, நமக்கு ஒன்றும் சேதமில்லை. கடிதம் எழுதாத அப்பா எழுதுகிறாரே என்று பயப்படாதே, நல்ல செய்திதான்.

போன அறுவடையில் நம் பக்கத்து நிலத்துக் கோர்டியின் கால் டிராக்டருக்கு அடியில் மாட்டியது உனக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தால்தான் வண்டி நகரலாம் என்பது சட்டம். அன்றைக்குப் பயிற்சி பெற்ற மற்றவர்கள் எல்லோரும் தூரத்து வயல்களில், ஊரில் இருந்தது உன் அம்மா ஒருத்திதான். அதை மீறி எடுத்திருந்தால் ஊருக்கே ஆம்புலன்ஸ் உரிமம் போயிருக்கும். அடுத்த ஊர் வண்டி வருவதற்குள் கோர்டியின் கால் போய்விட்டது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு இருந்தால் போதும், ஓட்டுவதற்குச் சின்ன வகுப்பு முடித்த யாரும் வரலாம் என்று மாற்றச் சொல்லி அன்றிலிருந்து உன் அம்மா நச்சரிக்காத ஆள் இல்லை. சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜனவரியில்தானே கூடுகிறது, நடுவில் யார் காதில் விழப்போகிறது என்று நான் கேலி செய்தேன். நடுவில்தான் குழுக்கள் உட்கார்ந்து அடுத்த சட்டங்களை எழுதுகின்றனவாம். அப்படி ஒரு குழு இந்தச் செவ்வாய்க்கிழமை நம் பள்ளிக்கூட ஜிம்முக்கே வந்தது.

ஊரே வந்திருந்தது. பெண்கள் புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக்குகளால் ஒரு மேசையையே நிரப்பியிருந்தார்கள். யாராவது பேசுகிறீர்களா என்று குழுத் தலைவி கேட்டார். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அடிபட்டவன் வாய் திறப்பதற்கு முன்னால் அடுத்தவன் எழுந்தால் மரியாதை இல்லை. எல்லோரும் கோர்டியைப் பார்த்தோம், கோர்டி தன் ஒற்றைப் பூட்ஸைப் பார்த்தார். தலைவி மறுபடி கேட்டார். இருமல் சத்தம்கூட இல்லை. சரி, இதற்கு மசோதா எழுதுவதா வேண்டாமா என்று இடைவேளைக்குப் பிறகு ஓட்டெடுப்பு என்று சொல்லிவிட்டார். உன் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

இடைவேளையில் கேக் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. உறுப்பினர்களைச் சூழ்ந்துகொண்டு கோர்டி விழுந்த நாளை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். எனக்குப் பரம திருப்தி. அப்போது குறிப்பெடுக்க வந்திருந்த ட்ரேசி என்ற பெண் என்னிடம் மெதுவாக, "சார், இங்க பேசுறது எதுவும் பதிவுல ஏறாது. மைக்ல சொன்னாத்தான் உண்டு. ஜனவரியில பனியில தலைநகருக்கு அவ்வளவு தூரம் வந்தாலும் ரெண்டு நிமிஷந்தான் குடுப்பாங்க, அதுக்குள்ள எல்லாம் எழுதி முடிஞ்சிருக்கும்" என்றாள்.

எனக்குப் பேச வராது. ஆனால் மேசை தூக்க வரும். நானும் மளிகைக் கடை எல்டனும் அந்த மேசையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மைக் பக்கத்தில் வைத்தோம். "இனிமே மைக்ல பேசுறவங்களுக்குத்தான் கேக்கு" என்றேன். தலைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மறுபடியும் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டார். கோர்டி ஊன்றுகோலோடு எழுந்தார். "எனக்கு ரெண்டாவது துண்டு வேணும், அதனால பேசுறேன்" என்று ஆரம்பித்தவர் பிறகு சிரிக்கவில்லை. "நான் கெடந்த எடத்துலேர்ந்து ஆம்புலன்ஸ் ஷெட்டோட கூரை தெரிஞ்சுதும்மா. வண்டி இருந்துச்சு. பயிற்சி எடுத்த லாயிஸ் என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தா. டுவேன் பக்கத்துலயே நின்னான், காலமெல்லாம் தானிய லாரி ஓட்டுனவன். எல்லாம் இருந்துச்சு. யாரும் அசையக் கூடாதுன்னு நீங்க எழுதி வச்சிருந்தீங்க" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை கதவுவரை நின்றது. மசோதா எழுதலாம் என்று ஓட்டு விழுந்தது. பயிற்சி இல்லாதவரை நம்புவதா என்று ஒரே ஒருவர் மறுத்தார், அவர் பயமும் நியாயமானதுதான். ஜனவரியில் நிறைவேறுமா என்பது தெரியாது. உன் அம்மா மட்டும் இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

உன் ஓட்டு இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறது. வரைவைப் பற்றி எங்கிருந்தும் எழுதி அனுப்பலாமாம், ட்ரேசியின் முகவரியைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

ஓட்டுநர் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். வண்டி நகருவதற்கு முன்னாலேயே உன் அம்மா பின்னாலிருந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுக்கட்டும். அன்றைக்கு நிலத்தில் சும்மா நின்ற இந்தக் கைகளுக்கு இனி வேலை இருக்கும்.

என்றும் உன் அப்பா,
டுவேன்