கபோனின் மணிக்கட்டு

ஜனவரி 14

இல்லை கபோன், நான் தப்பாக எண்ணவில்லை. நீ கையை உதறிவிட்டு மாடு கறக்கப் போய்விட்டாய். அதனால் இங்கே சொல்கிறேன். உன் நாடி நாற்பதுதான். கடிகார முள் ஒரு சுற்று முழுக்கச் சுற்றும்வரை எண்ணினேன். ஓட்டப் பயிற்சி முகாமில் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவார்கள். நான் பெருக்கல் வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். எனக்கு முழு நிமிடம் வேண்டும். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமாக விடியற்காலையில், நீ எழுவதற்கு முன், அந்த ஒரு நிமிடம் உன் கை என்னுடையது.

“கிழவனுக்குக் கணக்கும் வராது, கண்ணும் தெரியாது”ங்கிறே. கேள். ஜப்பான்வரை போய் ஓடிய காலத்தில் உன் நாடி முப்பத்தெட்டு. ஓட்டத்தை விட்டதும் ஐம்பத்தைந்துக்கு ஏறியது. போன வருடம் ஐம்பது. இப்போது நாற்பது. ஓடின காலத்துக்கே இறங்குதுடி! ஐம்பத்தெட்டு வயசுல!

ஜனவரி 20

டீக்கடையில் முகாம் பெண் ஒருத்தி, தன் நாடி நாற்பத்தொன்று என்று பீற்றிக்கொண்டாள்.

“போடி. எங்க வீட்டுக் கிழவிக்கு முப்பத்தொம்பது. நீ இன்னும் நாலு மலை ஏறிட்டு வா” என்றேன்.

ஓட்டக்காரர்களின் ஊரான எங்கள் ஈட்டெனில் வேறு எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். இதைச் சொன்னால் ஓடி வருவார்கள். சாயங்காலம் மூன்று பெண்கள் வந்து கபோனின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரே வெட்கம். சுரைக்குடுவையிலிருந்து முர்சிக் தயிரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். இப்போது அவளும் நம்புகிறாள், இளமை திரும்புகிறதென்று.

பிப்ரவரி 9

முப்பத்தாறு. முகாம் மேட்டில் பாதி ஏறி நின்றுவிட்டாள். வெயிலாம். வெயிலே இல்லை.

பிப்ரவரி 17

முப்பத்து மூன்று. தொழுவத்தில் பால் வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “தலை சுத்துச்சு, அவ்வளவுதான். முறைக்காதே, வாளியைப் பிடி.” உதட்டில் ரத்தமே இல்லை.

பிப்ரவரி 21

எல்டோரெட் ஆஸ்பத்திரி. டாக்டர் நஃபூலா சின்னப் பெண். கபோனின் நெஞ்சில் ஒயர் ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தாள்.

“ஓடுறவங்க இதயம் மெதுவா அடிச்சா அது பலம்தான். ஆனா அம்மா ஓட்டத்தை விட்டு இருபது வருஷம் ஆச்சே. இப்ப இறங்குதுன்னா அது பலம் இல்லீங்கய்யா, நோவு. அடின்னு இதயத்தோட மேல் அறையிலேருந்து வர்ற சேதி கீழ் அறைக்குப் போய்ச் சேரல.”

தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வைக்கணுமாம். அது தட்டித் தட்டி நெஞ்சை அடிக்க வைக்குமாம்.

“வெச்சா ரேடியோவும் கேக்குமா டாக்டர்?” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கபோன் செருப்பை மாட்டினாள். “இந்த நெஞ்சை நம்பித்தான் அத்தனை பந்தயம் ஓடினேன். ஒரு பெட்டி தட்டித்தான் நான் உயிரோட இருக்கணும்னா வேண்டாம்.”

பிப்ரவரி 22

“நீதானேய்யா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே? இப்ப நோவுங்கிறே.”

கபோன் கேட்டது சரிதான். தினமும் நான்தானே எண்ணினேன். விழுந்துகொண்டிருந்ததை எண்ணி எண்ணிச் சிரித்திருக்கிறேன்.

மார்ச் 1

முப்பது. கருவியை வெச்சுக்கோன்னு கெஞ்சியாச்சு. கோபப்பட்டாச்சு. முகாம் பெண்களை விட்டுச் சொல்லச் சொல்லியாச்சு. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

காலையில் எண்ணும்போது ஒரு அடி வந்துச்சு. அடுத்தது வரல. வரவே இல்ல. நான் என் காலால தரையைத் தட்டினேன் — வா, வா, வந்துடு. அப்புறம் வந்துச்சு. அவள் தூக்கத்தில் இருந்தாள். நான் என்ன செய்வேன்? விரலை வெச்சுக்கிட்டு எண்ணத்தான் முடியும்.

மார்ச் 6

தொழுவத்தில் விழுந்துவிட்டாள். நினைவில்லை. பக்கத்து வீட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் நஃபூலா கருவி வைப்பதற்கான சம்மதத் தாளை நீட்டினாள். “அன்னைக்கு வேண்டாம்னாங்க. இப்ப அவங்களைக் கேக்க முடியல. நீங்கதான் சொல்லணும்.”

வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்குத் தெரியும். எத்தனை தடவை! பேனாவை வாங்கினேன். போட்ட கையெழுத்து என் பெயர் மாதிரியே இல்லை.

மார்ச் 9

நேற்றுக் கண் விழித்தாளாம். இன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். தோள்பட்டைக்குக் கீழே தையலைத் தடவினாள். என்னைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 20

பேசவில்லை. உகாலிக் களி கிண்டுகிறாள், தட்டை என் பக்கம் தள்ளுகிறாள். விடியற்காலையில் கை போர்வைக்குள் போய்விடுகிறது.

மார்ச் 27

இன்றும் கை வெளியே இல்லை.

ஏப்ரல் 11

விடியற்காலையில் பார்த்தால் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. தூங்கவில்லை அவள், தெரியும். முள் ஒரு சுற்று சுற்றும்வரை எண்ணினேன். அறுபது. அதற்குக் கீழே கருவி இனி எந்த நாளும் இறங்க விடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். இனிமேல் எண்ண எனக்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் இன்னொரு சுற்று எண்ணினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

‘அறுபதா? சுற்றிப் பார்க்க வந்த, ஓடியே பழகாத வெள்ளைக்காரி மாதிரி ஆயிட்டியே’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“கபோன், நீ வேண்டாம்னு சொன்னது என் காதுல விழாம இல்ல. அந்தத் தாள்ல கையெழுத்துப் போடும்போது நான் என்ன நெனச்சேன்னா—”

எழுந்துவிட்டாள். சால்வையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, முகாமுக்குப் போகும் செம்மண் மேட்டில் ஏறினாள். மீதிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று நின்றுவிட்ட பாதி மேடு வந்தது. நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.