பேடியா மக்கா?

தேங்காய்ப்பட்டணம்,
டிசம்பர் 30.

அன்புள்ள ஜெனோவுக்கு,

ராகேல் எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் சுகம். மாமாவின் முழங்கால் வலி தைலத்துக்கு அடங்கிக் கிடக்கிறது. எனக்குச் சுகமா என்பதை மட்டும் இதை முழுவதும் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நாம் எங்கே பேசுகிறோம்? நீங்கள் கூப்பிட்டதுமே மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். மீன் விலை, கோயில் திருவிழா எல்லாம் முடிந்து என் முறை வரும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி. பக்கத்து வீட்டு லீமா அக்காவின் வீட்டுக்காரர் உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அறையில் யாரும் இல்லாதபோது படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தாண்டு கழிந்ததும் வேடசந்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போவதென்றும், நீங்கள் வரும்வரை இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன். பையில் துணிகூட எடுத்து வைத்தாகிவிட்டது. கோபப்படாமல் மீதியையும் படியுங்கள்.

காரணம் உங்கள் அம்மாதான். நீங்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து, நான் படுக்கப் போகும்போதெல்லாம் மாமி என் அறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு, "பேடியா மக்கா?" என்று கேட்பார். எங்கள் குடகனாற்றில் நான் மணலைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே கடல் இரைகிற இரைச்சலில் வீடே நகர்கிற மாதிரி பயந்து கிடக்கிறவளிடம் தினமும் வந்து அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? எங்கள் பக்கம் கோழையைத்தான், அதுவும் கேவலமாக ஏசும்போதுதான், பேடி என்பார்கள். "பேடி இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். மாமியும் சரி மக்கா என்று போய்விடுவார். ஏசுவதையும் ஏசிவிட்டு மக்கா என்று கொஞ்சல் வேறா என்று பொருமிக்கொண்டே படுத்திருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் உங்கள் தங்கை அஜிஷாவும் அவள் வீட்டுக்காரர் சுபினும் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்து, வீட்டோடு அட்வென்ச்சர் ட்ரிப் போகிறோம் என்று வேன் பிடித்தார்கள். வேனில் எனக்குக் கடைசி சீட், துணைக்குச் சாப்பாட்டுப் பாத்திரங்கள். முன்னால் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். உங்கள் ஊர்த் தமிழ் எனக்குப் பாட்டு மாதிரி காதில் விழுகிறது, புத்தியில் ஏறமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். வட்டக்கோட்டை மதில்மேல் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, நான் ஓரத்துக்கே போகாமல் நடுவில் நின்று போட்டோ எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் குடும்பம் சூப்பர் என்று போட்டிருந்தீர்கள். ஒரு படத்திலும் நான் இல்லை ஜெனோ. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலம். உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒரு பக்கம் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது, அதை ஒட்டி ஒடுங்கலாக நடைபாதை. எட்டிப் பார்த்தால் தென்னை மண்டைகள் காலுக்குக் கீழே, அதற்கும் கீழே ஆறு. அஜிஷாவும் சுபினும் வீடியோ எடுத்தபடி ஓடியே போய்விட்டார்கள். மாமா முழங்காலைச் சாக்குச் சொல்லி, இந்தக் கரையில் அன்னாசிப்பழக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்திருக்கலாம். வீம்பு விடவில்லை, நடந்தேன்.

பாதியில் கால் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்த கை வரவில்லை. எதிரில் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அத்தனை கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவர் இல்லை. அழுகை வந்தது, உங்கள் மேல்தான் ஆத்திரமும் வந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் அதே குரல், "பேடியா மக்கா?" ஊர் முன்னால், நடுப்பாலத்தில் வைத்துக் கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேடி இல்ல" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அக்கரை வரைக்கும் நடந்துவிட்டேன். பயம் போகவில்லை, கோபம் இழுத்துக்கொண்டு போனது.

அங்கே போய்த் திரும்பினால், மாமி பாலத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்திருக்கிறார். சுற்றிலும் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். அஜிஷாவும் சுபினும் ஆற்றுக்கு இறங்கிப் போய்விட்டார்கள், கூப்பிட்டால் கேட்காது. மாமியிடம் போக என்னை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பாலத்தில் மறுபடியும் கால் வைத்தேனே, அதைத்தான் நான் தைரியம் என்று சொல்லிக்கொள்வேன். சுவரைத் தடவித் தடவி, கீழே பார்க்காமல் போனேன்.

மாமியின் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்ததும் சொன்னார்: "எனக்குப் பேடியா இருக்கு மக்கா. நீ ஒத்தைக்குப் போறியேன்னுதான் உன் பெறவே துணைக்கு வந்தேன்."

எனக்குப் பேடியாக இருக்கிறது! எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே பேடி என்றால் வெறும் பயம். பயமாக இருக்கிறதா மகளே என்றுதான் தினமும் என் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பயமில்லை என்று நான் சொன்னதாக நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார். துணைக்கு வந்தவரைத்தான் இத்தனை நாளும் கதவைச் சாத்தி அனுப்பியிருக்கிறேன்.

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மாமா இருந்த கரைக்கு வந்து சேர்ந்தோம். நடுவில் மாமி மறுபடி கேட்டார், பேடியா என்று. "பேடி உண்டு மாமி" என்றேன், உங்கள் ஊர் மாதிரியே. அந்த நடுக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாலம் எப்படி என்று மாமா கேட்டதற்கு, நல்ல காட்சி என்றார் மாமி. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் செருப்பைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் கதவைச் சாத்தவில்லை. மாமி பாயைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே விரித்தார். நீங்கள் போன பிறகு தனக்கும் தூக்கம் சரியில்லை என்றார். சின்ன வயதில் இடி இடித்தால் நீங்கள் அவர் சேலையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்வீர்களாம். அவனுக்குப் பேடி கூடுதல், அங்கே யார் கேட்பார்கள் என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த காலத்திலிருந்து என்னிடம் எங்கள் தமிழில்தான் பேசுகிறீர்கள். இந்தச் சொல்லை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. போனில் எப்போதும் எல்லாம் ஓகே என்கிறீர்கள். நானும் சாப்பிட்டேன் என்கிறேன்.

பையிலிருந்து பாதித் துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு திரும்பிவிடுவேன். ஆனால் மாமி வந்து படுப்பதால் நீங்கள் இல்லாதது குறைந்துவிடவில்லை. இப்போது அதை இரண்டு பேராகச் சுமக்கிறோம், அவ்வளவுதான்.

மாதா உங்களைக் கண் போலக் காக்கட்டும். இது கைக்கு வந்த பிறகு நீங்கள் கூப்பிடும்போது, ஸ்பீக்கரில் இருந்தாலும் சரி, மாமா பக்கத்தில் இருந்தாலும் சரி, நான் பேடியா என்று கேட்பேன். தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பேடியாக இருக்கிறது ஜெனோ.

உங்கள்
ராகேல்