பன்னிரண்டாவது நிமிடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன் அக்காவுக்குப் புது வேலை பிடித்துவிட்டதாம். நல்ல சேதி இவ்வளவுதான். போனில் ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் பல்கலைக்கழக ஆய்வுக்காக நாலாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். டேப்லெட்டில் படிக்கிற பிள்ளைகள் எந்த நிமிடத்தில் தலையைத் தூக்குகிறார்கள் என்று நாலு மாதம் குறித்தேன். பெரும்பாலும் பன்னிரண்டாவது நிமிடம், ஜன்னலைப் பார்ப்பார்கள், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவார்கள், டீச்சரிடம் எதையாவது கேட்பார்கள். அந்த நேரத்தில் திரையை அணைத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அத்தனை பாடுபட்டேன். லீவில் வந்த நீ அந்த அட்டவணையைக் கேட்டாய், எங்கள் கம்பெனியின் பாட ஆப்பில் பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அம்மா என்றாய். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று பெற்றோர்களுக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குறிப்பு அது. பெற்ற பிள்ளைதானே என்று கொடுத்தேன்.

இந்த மாதம் அதே பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். உங்கள் ஆப் வந்திருந்தது. சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் முப்பத்தெட்டு திரையிலும் பரிசு நட்சத்திரம் வெடித்தது. ஒரு தலைகூட நிமிரவில்லை. நடுவில் எழுந்தால் சேர்த்த நட்சத்திரமெல்லாம் போய்விடுமாம். மூன்றாவது வரிசையில் ஒருத்தி, ஓயாத பேச்சால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள், பாத்ரூம் போகக் கேட்காமல் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். ஏம்மா சொல்லலை என்று டீச்சர் கேட்டதற்கு, "எழுந்தா ஸ்டார் போயிடும் மிஸ்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லா ஆப்பிலும் இப்படித்தான் என்றாய். உனக்குப் பதவி உயர்வு எதற்குக் கிடைத்தது என்று அப்போதுதான் உறைத்தது. அதைச் சொல்லித் தெருவெல்லாம் பெருமையடித்தேனே, நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் நானாகவே போய், குறிப்பை வெளியே கொடுத்ததை எழுதிக் கொடுத்தேன். பிள்ளை பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடாதே என்று அப்பா தடுத்தார், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரிடம் கொடுத்தீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். என் மகனிடம் என்றேன். ஆய்வை நிறுத்திவிட்டார்கள், பல்கலைக்கழக அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டேன். அடுத்த வாரம் பெற்றோர்களிடம் நானே சொல்ல வேண்டும். ரேடியோவின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

உன்னைச் சபிக்க என்னால் ஆகாது, நூறு வயது நன்றாக இரு. குழுவிலிருந்து உனக்கும் கடிதம் வரும். கம்பெனி வக்கீல் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதே, நடந்ததை நடந்தபடி நீயே எழுது. எழுதி அனுப்பும்வரை என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் மனசு கேட்காமல் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா