தூக்கம் பற்றிய கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா சௌக்கியமா?

நான் நலம்; கண்தான் எரிகிறது. விடியுமுன் நீச்சல், பகலெல்லாம் வகுப்பு, மாலையில் மறுபடி நீச்சல். "தூக்கமே போதல சார்" என்று கல்லூரி அணியே புலம்பியது. அதற்குப் பயிற்சியாளர் என்ன செய்தார் தெரியுமா? தூக்கத்தின் அவசியம் பற்றிக் கூட்டம் போட்டார், அதுவும் காலை நீச்சலுக்கு முன்னால்! நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

"உங்களுக்காகத்தானே பேசுறேன், தூங்குறியே!"

"நீங்க சொன்னதைத்தான் சார் செய்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முறைத்துவிட்டு, அறைக்குப் போய்த் தூங்கச் சொன்னார். அணியை விட்டெல்லாம் நீக்கவில்லை, பயப்படாதே. ஆனால் போய்ப் படுத்தால், பாழாய்ப்போன தூக்கம் வரவில்லை.

ஞாயிறு மதியம் போன் செய். பேச வேண்டாம், போனைச் சமையலறையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். அந்தச் சத்தத்தில் தூங்கிவிடுவேன்.

பயிற்சியாளர் விசில் ஊதிவிட்டார், ஓடுகிறேன்.

உன் மகள்