தண்ணீரில் போட்டுப் பார்த்த பை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வலது பக்கம் நலம், இடது பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் நீ கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன், எழுதினால் குறுக்கே யாரும் பேச முடியாது பார்.

வரும் வியாழக்கிழமை இடது மார்பை எடுக்கிறார்கள். அப்போதே அந்த இடத்தில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையை வைத்துத் தைத்துவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. காயம் ஆறிய பிறகு அவ்வப்போது ஊசி வழியாக உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம், தோலும் அவசரமில்லாமல் விரிந்து கொடுக்குமாம், போதுமென்றானதும் இன்னொரு ஆபரேஷனில் அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக ஒன்றை வைப்பார்களாம். மாதிரிக்குத் தண்ணீர் ஏற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார். உன் அம்மாவுக்குத்தான் கை சும்மா இருக்காதே, அவர் போனை எடுக்கத் திரும்பியதும் கை கழுவும் தொட்டியை நிரப்பி அதைப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் கையில் எதைக் கொடுத்தாலும் மிதக்கிறதா என்றுதானே பார்ப்பாள். அது மிதக்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை மாதிரி மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், "இவள கூட்டிட்டு எங்கயும் போக முடியாது டாக்டர்" என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பையை நெஞ்சுத் தசைக்கு மேலேயும் வைக்கலாம், அடியிலேயும் வைக்கலாம். மேலே வைத்தால் வலி குறைவு, கையின் பலம் அப்படியே இருக்கும், ஆனால் தோல் போதுமான தடிப்போடு, நல்ல ரத்த ஓட்டத்தோடு இருக்க வேண்டும். அடியில் வைத்தால் தசையே மூடிக் காப்பாற்றும், ஆனால் தண்ணீர் ஏற்றும்போதெல்லாம் இறுக்கும், பிறகு கையை வீசி நீந்துவதில் பழைய வேகம் வராமல் போகலாமாம். தோலின் நிலைமை மேஜையில் படுத்த பிறகுதான் தெரியும், மேலே வைக்க முடியாவிட்டால் என்ன செய்யட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். நீயோ, எதுவானாலும் வைத்துக்கொள் அம்மா, அப்புறம் வருத்தப்படக் கூடாது என்கிறாய். உன் அப்பாவுக்கு இப்போது ஆஸ்பத்திரி வழியெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் இதைக் கேட்டால் மட்டும் வழி சொல்ல மாட்டேன் என்கிறார். "நான் கட்டிக்கிட்டது உன்ன, உன் ஜாக்கெட் அளவ இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியாதாம்.

அன்றிலிருந்து மதியத்தில் கண்ணை மூடினாலே ஒரே கனவு. தண்ணீரே இல்லாத நீச்சல் குளத்தின் அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன், எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாக வந்து நிரம்புகிறது, முதலில் காது நனைகிறது, பிறகு சத்தமெல்லாம் தூரமாகிவிடுகிறது, கூரையில் வெளிச்சம் நெளிகிறது, தண்ணீர் எனக்கே தெரியாமல் என்னைத் தூக்குகிறது. பயமே இல்லை. ஒரு பக்கமாகச் சாய்கிறேன், இடது கையை விரித்தால் நேராகிவிடுகிறது. விழித்த பிறகும் அந்தக் கை கட்டிலில் விரிந்தபடியே கிடக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். தசைக்கு மேலே வைக்க முடிந்தால் வைக்கட்டும், எனக்கும் ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். முடியாவிட்டால் பையே வைக்காமல் தட்டையாகத் தைத்துவிடட்டும், தசையைத் தொட வேண்டாம், பிறகு மனம் மாறினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவும் சொல்கிறார். மிதக்கப் பழகும் குழந்தைகளின் முதுகுக்கு அடியில் நான் கொடுப்பது இடது கை. உனக்கும் அதைத்தான் கொடுத்தேன். நீ பாட்டுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன், தெரிந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏமாத்திட்டே என்று சாயங்காலம்வரை என்னோடு பேசவில்லை, ராத்திரி சாப்பிடும்போது மட்டும் நான் தனியா மிதந்தேன் என்று அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டாய்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இப்போதே லீவு போட்டுக்கொண்டு பறந்து வராதே, உன் அப்பா ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்புதான் இன்னும் கைவசப்படவில்லை. காயமெல்லாம் ஆறி, தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லும் நாளில் வா. பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் தண்ணீரில் ஒரு பக்கம் சாயத்தான் போகிறேன், கனவில் இல்லாத பயம் எழுதும்போது வருகிறது.

நீ நூறாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என் கண்ணே. மறக்காமல் நீச்சலுடையை எடுத்து வை. என் முதுகுக்கு அடியில் உன் கையைக் கொடு. நான் செய்த மாதிரி சொல்லாமல் எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தண்ணீர் குடிக்க வைத்த
அம்மா