தொடர்புக்கு என் நம்பர்

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் வேலை கிடைக்கவில்லை. கூரியர் ஆபீஸில் இருந்தவன் என் மார்க் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு, மூன்றாவது வருஷம் எங்கே என்று கேட்டான். வீட்டில் தூங்கினேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் வாய் சும்மா இருப்பதில்லை.

திரும்பும் வழியில் டெய்லரக்கா கடையில் ஏறினேன். காலேஜை விட்டதிலிருந்து அவருக்கு நான் 'பாதி டிகிரி'. "பாதி டிகிரி வந்தாச்சு, ஃபேனைப் போடுங்க" என்றார். கடையின் பின்னறையில், வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவேதான் எங்கள் கூட்டம். கூட்டம் என்றால் மூன்று பேர். டெய்லரக்கா, பேங்கிலிருந்து ரிட்டயர் ஆன கேஷியர் சார், நான். மார்ச்சில் வார்டு தேர்தல். பெயர் விட்டுப்போனவர்களை ஓட்டர் லிஸ்டில் சேர்ப்பது, இருப்பவர்களைப் போய் ஓட்டுப் போட வைப்பது, இதுதான் வேலை. சம்பளம் டீ.

கேஷியர் சார் சொன்னது: மில்லுக்குப் பின்னால் இருக்கிற ஐந்து மாடிக் கட்டடத்தில் யாருக்குமே ஓட்டு இல்லை. ஆற்றோரத்திலிருந்து போன வருஷம் காலி செய்து அங்கே கொண்டுவந்து போட்டார்களே, அவர்கள்தான். பழைய விலாசத்தில் பெயரை அடித்தாயிற்று. புது விலாசத்தில் யாரும் ஏற்றவில்லை. மனு கொடுக்க இந்த மாசக் கடைசிவரைதான் நேரம்.

நான் ஏன் இதற்குப் போகிறேன்? தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 12, ஞாயிறு

கட்டடத்தில் நாள் முழுக்க ஏறி இறங்கினேன். லிஃப்ட் குழியில் குப்பை. பாதிக் கதவு திறக்கவே இல்லை. திறந்தவர்கள் கடன் வசூலுக்கு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மூன்றாவது மாடியில் ஒரு அக்கா, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை, நைட் டியூட்டி. பகலில் தூங்குகிறவரை எழுப்பிவிட்டேன். கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினார்.

"ஓட்டுப் போட்டா லிஃப்ட் வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு?"

"வரலைன்னா சட்டையைப் பிடிச்சுக் கேக்க ஒரு ஆள் இருப்பான்ல."

"நல்லாத்தான் பேசற" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள்

அண்ணன் பஸ் டிரைவர். ஷிஃப்ட் முடிந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான். "படிப்பைத்தான் நடு வழியில இறக்கி விட்டுட்ட. இதையாவது கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டு." அண்ணி சிரித்தாள். நான் போனை எடுப்பதே இல்லை என்று, குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கிற ரிங்டோனை என் போனில் வைத்துவிட்டிருக்கிறாள். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி. மாற்றச் சோம்பேறித்தனம்.

ஜனவரி 16, வியாழன்

கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கீழே குடங்களோடு ஒரே சண்டை. மோதிரக்காரர் வந்தார். கைக்கு நாலு மோதிரம், அதனால் அந்தப் பெயர். அவருடைய தம்பிதான் வார்டுக்கு நிற்கிறான். கட்டடம் பலமில்லை என்று சொல்லி ஆட்களைக் கிளப்பிவிட்டு அங்கே கடைகள் கட்ட வேண்டும். அதற்கு வார்டு மீட்டிங்கில் கை தூக்க ஒரு தம்பி வேண்டும்.

ஆஸ்பத்திரி அக்கா அவரிடம் மோட்டார் எப்போது வரும் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மோதிரக்காரர் அவரைப் பார்க்கக்கூட இல்லை, பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார்: "லிஸ்ட்லயே இல்லாதவங்க எல்லாம் கேள்வி கேக்கறாங்கப்பா."

அக்கா காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் போனார்.

ஜனவரி 19, ஞாயிறு

அக்கா தானாகவே இறங்கி வந்தார். டியூட்டி முடிந்து வந்த உடுப்போடு. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். அவர் வந்ததைப் பார்த்து மூன்றாவது மாடி மொத்தமும் வந்தது. அப்புறம் மற்ற மாடிகள். மாடிப்படிக்கு அடியில் டெய்லரக்காவின் வெட்டு மேசையைப் போட்டு எழுதினோம். கை வலி. நாற்பதுக்கு மேல் ஆயிற்று. இன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

தொடர்பு எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பலரிடம் போனே இல்லை. இருப்பவர்களுக்கும் பாதி நாள் ரீசார்ஜ் இல்லை. ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்தால் யார் பார்ப்பது? என் நம்பரைப் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும். கேஷியர் சாரும் தலையாட்டினார், ஒரே இடத்துக்கு வந்தால் நமக்கும் வசதி என்றார்.

அக்கா மட்டும், "எங்கிட்டதான் போன் இருக்கே. என் நம்பரைப் போடக் கூடாதா?" என்று கேட்டார்.

"நீங்க பகல்ல ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறீங்க. என் நம்பர் இருக்கட்டும்க்கா, நான் பாத்துக்கறேன்."

"சரி, நீயே பாத்துக்க" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

ஆபீஸில் கொடுத்தாயிற்று. கவுண்டரில் இருந்தவர் கட்டைப் பார்த்து, "இத்தனையா?" என்றார். பெருமையாக இருந்தது. அண்ணனிடம் சொன்னேன். சரி என்று இன்னொரு கரண்டி சாதம் வைத்தான். அவன் பாஷையில் அது பாராட்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெசேஜ் மேல் மெசேஜ். என் ஒரு போனுக்கு நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒன்றே: உங்கள் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை வந்துள்ளது. பதினெட்டாம் தேதி காலை வார்டு ஆபீஸில் நேரில் ஆஜராகவும்.

கேஷியர் சார் போய் விசாரித்து வந்தார். ஆட்சேபணை கொடுத்தது மோதிரக்காரர். நாற்பது பேருக்கு ஒரே போன் நம்பர் எப்படி? ஆளே இல்லாமல் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியது. இதுதான் அவர் சொல்லியிருப்பது.

நான் போட்ட நம்பர். அவருக்கு நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

பிப்ரவரி 15, சனி

பின்னறையில் சண்டை. கேஷியர் சார் சொல்கிறார், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவோம், போன் இல்லாதவர்களுக்கு உதவியாக ஒரு நம்பரைப் போட்டோம் என்று எழுதிக் கொடுப்போம், ஆள் நேரில் நிற்கிறபோது எப்படி இல்லை என்பார்கள் என்று. அந்த ஆபீஸ் என்றைக்கு உண்மைக்கு வளைந்து கொடுத்தது என்று கேட்டேன். "வளையாதும்மா. ஆனா நம்ம கையில வேற என்ன இருக்கு?" என்றார். டெய்லரக்கா ஊசியில் நூல் கோப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது போதாது. சாயங்காலம் தனியாகக் கட்டடத்துக்குப் போனேன். மாடி மாடியாக ஏறிச் சொன்னேன்: நம்பர் யாருடையது என்று கேட்டால் உங்களுடையது என்றே சொல்லுங்கள். வீட்டுப் போன் என்று சொல்லுங்கள். அவர்கள் பேப்பரைத்தான் பார்ப்பார்கள், முகத்தையா பார்க்கப் போகிறார்கள்?

அக்காவுக்குத் திங்கள் நைட் டியூட்டி. காலையில் விசாரணை முடிகிறவரை நின்றால், செவ்வாய் மதியமும் சேர்த்துப் போட்டிருக்கிற ஷிஃப்டுக்குத் தாமதமாகும். சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றானாம். "முதல்ல கூப்பிடச் சொல்லு. ஓடிப்போய்ச் சேர்ந்துடறேன்" என்றார்.

மாடி மாடியாகச் சொன்னதைக் கேஷியர் சாரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வார்டு ஆபீஸ் நடை முழுக்க நம் ஆட்கள். கூலி போனாலும் வந்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ஆபீசர், பக்கத்து நாற்காலியில் மோதிரக்காரர். ஆபீசர் வில்லன் எல்லாம் இல்லை. ஜலதோஷம், மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்துபோயிருந்தது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்கிற முகம். முதலில் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அக்கா போய் நின்றார். பெயர், விலாசம், ஆற்றோரத்தில் இருந்த பழைய விலாசம், எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னார். ஆபீசர் டிக் அடித்துக்கொண்டே வந்தார். நடந்துவிடும் போல இருந்தது.

"இந்த நம்பர் யாரோடது?"

அக்கா கொஞ்சம் நிறுத்தினார். "என்னோடதுதான் சார்."

ஆபீசர் மேசை போனை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். என்ன பண்றாருன்னு எனக்கு உறைக்கவே இல்ல – மடச்சி, மடச்சி, சைலண்ட்ல போடணும்னு ஒரு அறிவு வேணாமா – என் பையில குழந்தை சிரிக்க ஆரம்பிச்சுது. கெக்கெக்கேன்னு. நடை முழுக்க. பையில கைய விட்டுத் துழாவறேன், போன் கைக்கு ஆப்பிடல, துணி ஆப்பிடுது, சாவி ஆப்பிடுது. அது சிரிச்சுக்கிட்டே இருக்கு.

மோதிரக்காரர் எட்டிப் பார்த்தார். "எடுங்கம்மா. ஆபீஸ்லேர்ந்து கூப்பிடறாங்க."

யாரோ சிரிச்சாங்க. நம்ம ஆள்ல யாரோதான்.

அக்கா திரும்பி என்னைப் பாத்தாங்க. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. ஒரே உத்தரவு. எல்லா மனுவும் சந்தேகத்துக்குரியவை, தள்ளுபடி. அப்பீல் பண்ணலாம், தேர்தல் முடிந்த பிறகு விசாரிப்பார்கள்.

அக்கா ஷிஃப்டுக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் வேறு ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றிருக்கிறாள். இது டெய்லரக்கா சொல்லித் தெரியும்.

பிப்ரவரி 20, வியாழன்

கேஷியர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவுண்டர்ல ஒரு கள்ள நோட்டு ஆப்பிட்டா மொத்தக் கட்டையும் தூக்கி ஓரமா வச்சுடுவோம்மா. மத்ததெல்லாம் நல்ல நோட்டுன்னு தெரிஞ்சாலும்."

அப்பீல் மனு எழுதத் தொடங்கினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மூன்றாவது மாடி. தட்டினேன். சங்கிலிச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

"நான்தான்க்கா."

"தெரியுது."

அங்கேயே நின்றேன். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அன்னிக்கே கேட்டேன்ல, என் நம்பரைப் போடுன்னு."

இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தேர்தல். எனக்கு ஓட்டு இருக்கிறது, அண்ணன் விலாசத்தில். போட்டேன். டெய்லரக்கா பூத்துக்கு வெளியே மேசை போட்டு, யாருக்கு எந்த அறை என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். வந்த கூட்டத்தில் கட்டடத்து முகம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குக் கட்டடம் வழியாகத்தான் வர வேண்டும். மை வைத்த விரலைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தாரா தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மோதிரக்காரர் தம்பி ஜெயித்துவிட்டான். கொஞ்ச ஓட்டில்தான். கட்டடத்தில் பாதிப் பேர் போட்டிருந்தாலே தோற்றிருப்பான். அண்ணன் எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 2, புதன்

ரிங்டோனை மாற்றினேன்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டடத்து மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரிப்பேர் என்கிறார்கள். மேல் மாடி மொத்தமும் காலி, அஞ்சாவது மாடிக்குக் குடம் தூக்க யாரால் முடியும்? சுவரில் நோட்டீஸ்: உறுதித்தன்மை ஆய்வு. அக்கா ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிறாராம், ஆஸ்பத்திரியில் வாங்கியதில் பாதிச் சம்பளம்.

எனக்கும் வேலை கிடைத்தது. கால் சென்டர். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, "இது உங்கள் நம்பர்தானே?" என்று கேட்க வேண்டும். ஐந்து நாளில் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பீல் இன்னும் கிடப்பில். ஆனால் லிஸ்டில் புதிதாகச் சேர்க்க மறுபடி திறந்திருக்கிறார்கள். அதே மாடிப்படி, அதே வெட்டு மேசை. இந்த முறை நாங்கள் பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு. எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டு ஆளே எழுத வேண்டும். போன் இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலி. காலியாக விடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் போன தடவை நாங்கள் ஒருத்தரும் படிக்கவில்லை.

சாயங்காலம்வரை ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். பலர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

அக்கா வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை. நின்றபடி எழுதினார். நம்பர் கட்டத்துக்கு வந்ததும், கூடைக்காரி காயை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக உதட்டுக்குள் சொல்லி எழுதினார். கேஷியர் சார்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது, இந்தக் கட்டடமே அதுவரைக்கும் நிற்குமோ என்னவோ என்று.

"கட்டடம் விழட்டும் சார். நான் இருப்பேன்ல" என்றார்.

பேப்பரை என்னிடம் தரவில்லை. அவரே ஆபீஸில் கொடுப்பதாகச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாலாவது மாடிக் குடும்பம் இன்று காலி செய்தது. கட்டடத்தில் இப்போது எஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணுகிற வீடுகள். சாமான் இறக்க ஆள் வேண்டும் என்று டெய்லரக்கா சொன்னார், போனேன். பீரோவைத் திருப்பத்தில் திருப்ப முடியாமல் நிற்கிறேன், கீழிருந்து அக்கா ஏறி வந்து ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு படி இறங்கியிருப்போம், ஒரு போன் அடித்தது.

என் கை தானாக என் பைக்குப் போனது. என்னுடையது இல்லை.

பீரோவைப் படியில் வைத்தோம். அக்கா கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வார்டு ஆபீஸிலிருந்து போல, அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். பெயரைச் சொன்னார். விலாசத்தைச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. என் நம்பர்தான். நான்தான் பேசறேன்."

போனை வைத்துவிட்டு, "ம், பிடி" என்றார். பிடித்தேன்.