மஞ்சள் தொப்பிக்குள் இருந்த அந்தோனியார்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷாமிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடவுள் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று உன் பெயரைச் சேர்த்துத்தான் ஒவ்வொரு நாளும் செபமாலையை முடிக்கிறோம். போனில் கதைக்கலாமே, இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து காதைக் கொடுப்பா, இது அவவுக்குக் கேட்கக்கூடாத விஷயம். மேல்மாடி வீட்டு ஐறீன் வெள்ளிக்கிழமை நெதர்லாந்துக்குத் திரும்புகிறா, அவவிடம் அம்மா உனக்கென்று ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறா, அதற்குள் இதையும் மெதுவாகச் செருகிவிடலாம் என்றிருக்கிறேன். இங்கே பெரிய புதினம் ஒன்றுமில்லை. உன் அண்ணன் டெரிக் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று எடுத்தான், இப்போது உப்புக் காற்றில் கதவுப் பூட்டு முதல் காஸ் அடுப்பு வரை துருப்பிடிக்கிறதாம், அதற்கும் என்னிடம்தான் வந்து புலம்புகிறான்.

நீயும் உன் சிநேகிதி உஷாந்தியும் றைன் ஆற்றங்கரையால் சுவிஸ் வரைக்கும் சைக்கிளில் போகப்போவதாக அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் சைக்கிளுக்கு எங்கள் சந்தியில் நிற்கும் த்ரீவீல்களைவிட அலங்காரம் கூட மகள். ஹாண்டிலில் கண்ணாடி, போன் பூட்டி வைக்க ஒரு கவ்வி, கரியரின் இரண்டு பக்கமும் மழை போகாத பை, எல்லாம் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடாரத்தைச் சுருட்டிக் கரியருக்கு மேல் கட்டியிருக்கிறாய் பார், அது சீட்டுக்குக் கீழே இருக்கும் சிவப்பு லைட்டை முழுதாக மறைக்கிறது. பின்னால் வருகிறவனுக்கு நீ ஒரு பாய் மூட்டைதான். லைட்டைக் கழற்றிக் கரியரின் கடைசிக் கம்பியில் பூட்டு. அடுத்தது ஹெல்மெட். படத்தில் அது ஹாண்டிலில் தொங்குகிறது. இங்கே ஒருகொடவத்தைப் பக்கம் கொண்டெய்னர் லொறிகளுக்கு நடுவில் ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு ஓடி, பொலிஸைக் கண்டதும் தலையில் கவிழ்க்கிற பெடியன்களை நீ பார்த்து வளர்ந்தவள், அந்தப் பழக்கத்தைப் பிளேன் ஏற்றிக் கொண்டுபோகாதே.

இனித்தான் நான் சொல்ல வந்தது. போன கிழமை அம்மா கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் ஒரு அந்தோனியார் பதக்கம் வாங்கி மந்திரித்துக்கொண்டு வந்தா, வந்ததும் ஊசியும் நீல நூலும் தேடினா. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்கு உள்ளே மெத்தையில் வைத்துத் தைக்கச் சொல்லித்தான் உனக்கு அனுப்பப்போகிறா. மகள், அதை மட்டும் செய்யாதே.

என் நெற்றியில் இருக்கும் நீள்வட்ட அடையாளத்தைச் சின்ன வயதில் நீ தடவித் தடவி இது என்ன அப்பா என்று கேட்பாய், அந்தோனியார் தொட்ட இடம் என்று அம்மா சொல்லுவா. முழுக் கதை உனக்குத் தெரியாது. எங்களுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், ஆவணி மாதம், தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்கு நானும் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த கூட்டாளிகளும் சைக்கிளில் புறப்பட்டோம். அவர்களில் சங்கிலி என்கிறவன் சைவக்காரன், அவனும் கொடி கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான். நீர்கொழும்பு, மாரவில, சிலாபம் என்று வழியெல்லாம் தென்னந்தோப்பு, பாட்டு, ரொட்டியும் சம்பலும், அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டவனை எவன் கண்டான்? ஆனால் உன் அம்மா, நேற்று வந்த புதுப்பெண், நான் துறைமுக வேலைக்குப் போடுகிற கெட்டி மஞ்சள் தொப்பியைப் போட்டால்தான் படி இறங்கலாம் என்று வாசலில் நின்றுவிட்டா. அது போதாதென்று தொப்பிக்குள் நெற்றி படுகிற பட்டியில் ஒரு அந்தோனியார் பதக்கத்தையும் வைத்துத் தைத்தா. வழியெல்லாம் கூட்டாளிகளுக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு. சிலாபம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு தென்னை மட்டையில் முன் சில்லு ஏறி நான் தலைகுப்புற விழுந்தேன். சங்கிலிதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தையல் போட்ட டொக்டர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார், தொப்பி இல்லையென்றால் நீ இன்று இல்லை, ஆனால் இந்தக் காயம் ரோட்டால் வந்ததில்லை, உள்ளே இருந்த உன் சாமி குத்தினது என்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தலைக் கட்டைப் பார்த்து அழுதுவிட்டு, அந்தோனியார்தான் காப்பாற்றினார் என்று முழங்காலில் நின்றா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு டொக்டர் சொன்னதை எப்படிச் சொல்வது? இன்று வரை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியார் கோயில் நவநாள் செபத்துக்குப் போய்வந்து, மந்திரித்த எண்ணெய்யை இந்த அடையாளத்தில் பூசுவா, நானும் நெற்றியைக் கொடுப்பேன். அந்த விரல் படுகிற நேரம் எனக்கு உலகத்தில் வேறொன்றும் தேவைப்பட்டதில்லை. ஆனால் உன் தலை வேறு, மகள். பதக்கத்தைக் கழுத்தில் போடு, பையில் வை, தைத்துவிட்டேன் என்று அம்மாவுக்கு ஒரு பொய் சொல்லு, அந்தப் பாவம் என் கணக்கில் சேரட்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அம்மா குசினியில் நின்ற நேரம் பார்த்து, கடிதத்தைச் செருகப் பார்சலை அவிழ்த்தேன். பருத்தித்துறை வடைக்கு மேலே பதக்கம் இருந்தது. என்னுடைய பழைய துறைமுக ஜக்கெட்டில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டி இருக்குமே, அதை அம்மா அளவாக வெட்டி, நடுவில் பதக்கத்தைத் தைத்து, இரண்டு நுனியிலும் கட்டுகிறதற்கு நாடா வைத்திருக்கிறா. ஹெல்மெட்டுக்குள் வைக்கிற சாமானே இல்லை அது, கரியரில் பின்பக்கம் பார்த்துக் கட்டுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்க, அம்மா வந்துவிட்டா. ஏன் தொப்பிக்குள் தைக்கக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பட்டியை வாங்கி மடித்துக்கொண்டு சொன்னா, “குத்தினது என்ன எண்டு தைச்ச எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே இவ்வளவு காலமும் எண்ணெய் பூசுறன்.”

கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு நீயும் இதை அறிந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டியை லைட்டுக்குப் பக்கத்தில் கட்டு, ஹெல்மெட்டைத் தலையில் போடு, நாடாவை நாடியோடு இறுக்கு, இரவு தங்கும் ஊரிலிருந்து அம்மாவுக்கு ஒரு சொல் அனுப்பு. அன்னம்மாவும் அந்தோனியாரும் உனக்கு முன்னும் பின்னும் வரட்டும், உஷாந்திக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

அம்மா நவநாளுக்குப் போயிருக்கிறா. எண்ணெய்யோடு வருகிற நேரமாகிவிட்டது, முகம் கழுவிக்கொண்டு இருக்கப்போகிறேன்.

உன் அன்பு அப்பா,
யேசுரட்ணம்